நான் கோரையைப் பார்த்தேன், டாக்சிக்காரர் என் பர்ஸைப் பார்த்தார்

மலேசியாவின் புத்ராஜெயா சதுப்புநிலப் பூங்காவில் கோரை இனங்களைப் பிரித்துப் பார்க்கப் போயிருந்தேன். முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். புத்ராஜெயா சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் நின்ற டாக்சிக்காரர் சதுப்புநிலப் பூங்காவுக்கு 35 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார். கோலாலம்பூரிலிருந்து அவ்வளவு தூரம் எம்ஆர்டி ரயிலில் வந்ததற்கே அதில் ஒரு சின்னப் பங்குதான் ஆனது. "மீட்டர் போடுங்கண்ணே" என்றால், "இங்க யாரும் மீட்டர் போடறதில்ல தம்பி, இந்த வெயில்ல நடந்தா மயக்கம் வந்துடும்" என்று அக்கறையாக மிரட்டுகிறார். பேரம் 25-இல் நின்றது. ஏசி குளிர ஆரம்பிப்பதற்குள் பூங்கா வந்துவிட்டது. மனிதர் திரும்பிப் போக ஆள் வேண்டுமா என்று வேறு கேட்டார். போனில் ஆப் வைத்து வண்டி பிடிப்பதே மேல்.

பூங்காவுக்கு வழியையும் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கியிருந்தால் முசியம் நெகாரா ஸ்டேஷனுக்கு நடந்துவிடலாம். டுன் ரசாக் எக்ஸ்சேஞ்சில் இறங்கி புத்ராஜெயா லைனுக்கு மாற வேண்டும். 2023 மார்ச்சிலிருந்து அந்த லைன் முழுதாக ஓடுகிறது. கேஎல் சென்ட்ரலில் விமான நிலைய ரயில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம், ஆனால் காசு கரையும். வழி அவ்வளவுதான், இனி கோரை.

இந்தச் சதுப்பு மனிதர்கள் வெட்டியது. சுவாவ், பீசா ஆறுகளின் தண்ணீர் புத்ராஜெயா ஏரிக்குள் போகுமுன் அதிலுள்ள சத்தையும் கசடையும் செடிகளே இழுத்துக்கொள்ளட்டும் என்று 24 பாத்திகளாகப் பிரித்து நட்டிருக்கிறார்கள். வேலை முடிந்தது 1998-இல். அதனால் நமக்கு ஒரு லாபம்: இயற்கையில் தேடி அலைய வேண்டிய இனங்கள் இங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. குழப்பமும் அதனால்தான். கிள்ளானில் பிறந்து வளர்ந்த நண்பர் கூட வந்தார். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாம் லாலாங்தானே லா?" (லாலாங் இங்கே எங்கும் மண்டும் ஒரு களைப்புல்) என்று நிழலைத் தேடிப் போய்விட்டார்.

எனக்கு ஊர் கரூர்ப் பக்கம். காவிரிக் கரையில் பாய்க்கோரை பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கோரை என்றாலே முக்கோணத் தண்டுதான். குளிர் நாட்டுக் கையேடுகளும் அதையே ஓதும்: தண்டை விரலில் உருட்டிப் பார், முனை தட்டினால் கோரை, உருண்டையாக இருந்தால் ஜுன்கஸ் என்னும் வேறு குடும்பச் செடி. அந்த விதியை இங்கே நம்பவே கூடாது. உருண்டைத் தண்டோடு, இலையென்று சொல்ல எதுவும் இல்லாமல், ஆள் உயரத்துக்கு நிற்கும் இரண்டு செடிகள் உண்டு. இரண்டுமே கோரைக் குடும்பம்.

ஒன்று லெபிரோனியா ஆர்டிகுலாட்டா. மற்றது எலியோகாரிஸ் டல்சிஸ். தூரத்தில் பார்த்தால் இரண்டும் பச்சை ஊசிக் காடு. தண்டு உள்ளே பொள்ளலாக இருப்பதும் குறுக்கே தடுப்புகள் இருப்பதும் இரண்டுக்கும் பொது. ஆகவே தண்டை விட்டுவிட்டு நுனியைப் பாருங்கள். லெபிரோனியாவில் செம்பழுப்பு நிறக் கதிர் தண்டின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும். அதற்கு மேலும் தண்டு கூராக நீளும். உண்மையில் அந்த மேல்பகுதி தண்டே இல்லை, பூவடிச் செதில் நிமிர்ந்து நின்று தண்டாக நடிக்கிறது. எலியோகாரிஸில் அந்த நடிப்பு கிடையாது. கதிர் உச்சியிலேயே, ஏறக்குறைய தண்டின் பருமனிலேயே, வெளிறிய நிறத்தில் முடிந்துவிடும். பூக்காத பருவமா? லெபிரோனியாவில் சாம்பல் பூத்த பச்சை. எலியோகாரிஸ் தண்டை நசுக்கினால் தடுப்புகள் பட் பட்டென்று உடையும். நட்டு வைத்ததைப் பறிக்காமல், கரையில் ஒடிந்து கிடந்ததை எடுத்துத்தான் நசுக்கினேன். அரை மணி நேரம் இதே வேலை. நண்பர் தலையில் அடித்துக்கொண்டார்.

லெபிரோனியாவை மலாய்க்காரர்கள் கெர்ச்சுட் என்கிறார்கள். தாய்லாந்தின் தலே நோய் ஏரிப் பக்கம் இதில்தான் பாயும் கூடையும் முடைகிறார்கள். வியட்நாமில் பிளாஸ்டிக்குக்குப் பதிலாக இதை வெட்டி உறிஞ்சுகுழலாக விற்கிறார்கள்.

முக்கோணத் தண்டிலும் ஒரு ஜோடி உண்டு. ஆக்டினோஸ்கிர்பஸ் குரோசஸ், ரிங்கோஸ்போரா கோரிம்போசா. இரண்டும் தடியாக, பழுப்புப் பூங்கொத்தோடு நிற்கும். முன்னதற்கு இலையெல்லாம் அடியில், கொத்து உச்சியில் மட்டும். பின்னதில் தண்டு நெடுக இலை, கணுவுக்குக் கணு கொத்து. சம்பு எல்லோருக்கும் தெரியும், கோரைக் குடும்பமும் இல்லை, விட்டுவிடலாம். இங்கிருக்கும் சம்பு இனமான டைஃபா அங்குஸ்டிஃபோலியாவில் மேலே ஆண் கதிருக்கும் கீழே பழுப்புப் பெண் கதிருக்கும் நடுவே வெறும் காம்பு தெரியும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

பெயர்ப்பலகை இன்னும் கொஞ்சம் தாராளமாக வைத்திருக்கலாம். பறவைக்கு இருக்கும் மரியாதை புல்லுக்கு எங்கேயும் இல்லை.

திரும்பியதும் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. பொரித்த பாகற்காய் கேட்கக் கேட்க வைத்தார்கள், ரசம் தொண்டையைத் திறந்தது. ஆட்டுக்கறி வறுவலுக்குத் தனிக் காசு, பில்லைப் பார்த்ததும் ராத்திரிச் சாப்பாடு ரத்து. ஆனாலும் சீனர் கடைத்தெருவான பெட்டாலிங் ஸ்ட்ரீட் போகாமல் இருக்க முடியவில்லை. கரும்போடு காய்ச்சி விற்கும் சீனப் பானத்தில் போடுவது அதே எலியோகாரிஸ் டல்சிஸின் கிழங்கைத்தான். எவ்வளவு வேகவைத்தாலும் அது நறுக் நறுக்கென்றே இருக்கும். ஐஸ் மட்டும் போதும், சர்க்கரை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கரும்பே போதுமான இனிப்பு.