பிரிண்டர் விலை அல்ல, பக்கத்தின் விலை

ஆபீஸுக்கு பிரிண்டர் வாங்கும்போது மெஷின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போடுங்கள். கறுப்பு டோனர் (லேசர் பிரிண்டரில் மையாகப் பயன்படும் தூள்) பெட்டியில் '2000 பக்கம்' என்றிருந்தால், அது பக்கத்தில் சுமார் 5% மட்டுமே டோனர் படியும் என்ற கணக்கு. லோகோ, கறுப்புப் பட்டை எல்லாம் சேர்ந்து 10% ஆனால் பாதிதான் கிடைக்கும்.

இருபக்க அச்சையும் கறுப்பு வெள்ளையையும் டிரைவரில் (கம்ப்யூட்டரில் பிரிண்டரை இயக்கும் மென்பொருளில்) டீஃபால்ட்டாக வைத்துவிடுங்கள். 'டோனர் லோ' என்று வந்ததும் தூக்கிப் போட வேண்டாம். டோனர் இருக்கும் கார்ட்ரிட்ஜை எடுத்து இடமும் வலமுமாக ஐந்தாறு முறை மெதுவாக ஆட்டி மாட்டினால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.

பேப்பர் அடிக்கடி சிக்குகிறதா? ஈரம் ஏறியிருக்கும். பிரித்த பேப்பர் கட்டை அதன் உறையிலேயே மூடி வையுங்கள்.

சம்பளப் பட்டியல் ட்ரேயில் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடப்பதுதான் பெரிய ஆபத்து. மெஷின் அருகே போய் பின் நம்பர் போட்டால்தான் அச்சாகும்படி செட் செய்யுங்கள். பிரிண்டர் கம்பெனி போட்டுத் தந்த அட்மின் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். பெரிய காப்பியர்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் உண்டு. வாடகை மெஷினைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதில் பதிந்திருக்கும் ஆவணங்களைக் கட்டாயம் அழித்துவிடுங்கள்.