நிற்கும் நீருக்கு ஒரு வண்டி, ஓடும் நீருக்கு வேறு வண்டி

2025 ஆகஸ்டில் பஞ்சாப் வெள்ளத்தில் மூழ்கியபோது, ஆளுயரச் சக்கரங்களுடன் நீரில் மிதந்து சென்று மக்களை ஏற்றி வந்த ராணுவத்தின் 'ஏட்டர்' வண்டியைக் காணொளியில் பார்த்த நண்பர்கள் சிலர், சத்தியமங்கலம் மலைக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்றார்கள். ஆசை நியாயமானதுதான், ஆனால் அந்த வண்டி நம் மலைக்குப் பொருந்தாது.

ஏட்டர், ஷெர்ப் என்ற வண்டியின் இந்திய வடிவம். காற்றழுத்தம் மிகக் குறைந்த அதன் பெரிய டயர்கள் சேற்றில் அகலமாகப் படிந்து பாரத்தைப் பரப்பிவிடுகின்றன. நீரில் அவையே மிதவையாகவும் துடுப்பாகவும் மாறுகின்றன. ஆனால் நீரில் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர்தான். வயல்வெளியில் தேங்கிய வெள்ளத்துக்கு அது தாராளம். கடம்பூரிலிருந்து மாக்கம்பாளையம் போகும் வழியில் குறுக்கிடும் சர்க்கரைப் பள்ளம், குரும்பூர் பள்ளம் போன்ற காட்டாறுகளில், கல்லையும் மரத்தையும் உருட்டிக்கொண்டு வரும் தண்ணீரில் மிதக்கும் எதுவும் தண்ணீர் போகும் திசையில்தான் போகும். அங்கே வேண்டியது மிதப்பு அல்ல. தரையைக் கவ்வி நிற்கும் எடையும், அடிப்பாகம் நனையாத உயரமும்தான்.

அந்த உயரத்துக்கு நல்ல விடை, வேடிக்கையாக, ஓர் உழவு வண்டியிலிருந்துதான் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் ஆல்பர்ட் ஃபிரெட்ரிக் உருவாக்கிய யூனிமாக்கில், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 1270 மில்லிமீட்டர்; உருளைக்கிழங்குப் பாத்தியின் இரண்டு வரிசைக்குக் கணக்குப் போட்டு வைத்தது. அச்சை நேராகச் சக்கரத்தின் மையத்தில் செருகாமல், சற்று மேலே வைத்துப் பல்சக்கரம் வழியாக விசையை இறக்கியதால், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் 'கிரவுன்' பல்சக்கரம் இருக்கும் கூண்டு கல்லில் இடிக்காமல் உயர்ந்து நின்றது. பிற்பாடு ராணுவங்களும் தீயணைப்புத் துறைகளும் அதை வாங்கிக்கொண்டன.

உயரத்தோடு பிடிப்பும் வேண்டும் என்பதைத் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு ரிக் வண்டிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழை பெய்த தோட்டத்தில் ஒரு பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டால், சாதாரண லாரியின் கிரவுன் பிடிப்பில்லாத அந்தச் சக்கரத்தையே வெறுமனே சுழற்றிக்கொண்டிருக்கும். பிடிப்புள்ள மறுசக்கரம் அசையாது. இரண்டையும் ஒன்றாகப் பூட்டும் 'டிஃப் லாக்' இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

பெரிய வண்டிகளில் செக் நாட்டு டாட்ரா லாரி தனி ரகம். ஹான்ஸ் லெட்விங்கா 1923-இல் கொண்டுவந்த முதுகெலும்புக் குழாய் அமைப்பில், ஏணி போன்ற சேஸுக்குப் பதிலாக நடுவில் ஒரே தடித்த குழாய் ஓடும். அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்துச் சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் அசையும். நம் ராணுவத்தின் பினாகா ராக்கெட் ஏவிகளும், 15 மீட்டர் துண்டுகளாக விரியும் 'சர்வத்ரா' பாலமும் டாட்ராவின் மேல்தான் வருகின்றன. நம் பள்ளங்கள் பலவற்றுக்கு அதில் ஒரு துண்டே போதும் என்று தோன்றும். ஆனால் 27 கொண்டை ஊசி வளைவுள்ள திம்பம் மலைப்பாதையில் நீளமான லாரிகளே அடிக்கடி திரும்ப முடியாமல் நின்று, இரு பக்கமும் வண்டிகள் வரிசை கட்டுவதைப் பார்த்தவர்கள், எட்டுச் சக்கர டாட்ராவை அங்கே ஏற்றச் சொல்லமாட்டார்கள்.

2024 ஜூலை வயநாட்டு நிலச்சரிவிலும் வண்டி போக வழியில்லாததுதான் சிக்கல். சூரல்மலையில் ராணுவப் பொறியாளர்களான மெட்ராஸ் சாப்பர்கள், இரும்புத் துண்டுகளைப் பூட்டி அமைக்கும் 190 அடி நீள பெய்லி பாலத்தைக் கட்டி முடித்த பிறகே, ஆம்புலன்ஸும் கனரக வண்டிகளும் தாராளமாக அக்கரை போக முடிந்தது. எனவே, விலையுயர்ந்த ஒரு வண்டியைக் கோவையில் நிறுத்திவைப்பதைவிட, சிக்கிய வண்டியை வடம் கட்டி இழுக்கும் வின்ச் பூட்டிய குட்டையான ஃபோர் வீல் ஜீப்புகளையும், கழற்றி ஏற்றக்கூடிய பாலத் துண்டுகளையும் பருவமழைக்கு முன்பே கடம்பூரிலும் பர்கூரிலும் வால்பாறையிலும் கொண்டுபோய் வைப்பது மேல் என்பேன். ஓட்டுநர்களையும் அந்தந்த மலையிலிருந்தே எடுக்க வேண்டும். எஸ்டேட் ஜீப் ஓட்டிப் பழகியவருக்கு எந்தப் பள்ளத்தில் எப்போது இறங்கலாம், எப்போது கரையில் காத்திருக்க வேண்டும் என்பது தெரியும்.