பிஎல்-200 சித்தி: "இது யாருக்குப் போகும்?" என்று கேட்டே படித்த கதை

பிஎல்-200 சித்தி. நிரல் அதிகம் எழுதாமலே செயலிகளும் தானாக ஓடும் வேலைகளும் கட்ட உதவும் மைக்ரோசொஃப்ட் பவர் பிளாட்ஃபோர்முக்கான சான்றிதழ்ப் பரீட்சை இது. பெறுபேறு திரையில் விழுந்த சூட்டோடு எழுதுகிறேன். ஆறப்போட்டு எழுதினால் நானும் "திட்டமிட்டுப் படியுங்கள், நம்பிக்கையோடு இருங்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டுப் போய்விடுவேன்.

கட்டணம், பகுதிகள், 700 எடுத்தால் சித்தி என்பதெல்லாம் இதைத் தேடி வந்தவர்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும்: 700 என்பது எழுபது வீதம் அல்ல, அளவு மாற்றிய புள்ளி. எத்தனை கேள்வி சரி என்று பரீட்சைக்கு நடுவில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்விகளை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் எல்லோரும் எழுதுகிறோம். ஆகவே கேள்வி எதுவும் இங்கே கிடைக்காது. வெள்ளவத்தையில் நான் கொஞ்சக் காலம் போன ஒரு வகுப்பில் இதற்கு நேர்மாறு. எங்கிருந்தோ இறக்கிய 'டம்ப்' பிடிஎஃப்பைக் கையில் தந்து, கேள்விக்கு எதிரே இருக்கும் விடை எழுத்தைப் பாடமாக்கச் சொன்னார்கள். அதில் பாதி விடை பிழை. காசும் போனது, சனிக்கிழமைகளும் போயின. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் ஆங்காங்கே காரம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு பழக்கம். எந்தப் பாடத்தைப் படித்தாலும், "ஒருவர் போர்மை நிரப்பி அனுப்பிவிட்டார், இந்த வேலை இப்போது யாருக்குப் போகும்? அந்த ஆள் மாறினால்?" என்று கேட்பது. அப்ரூவல் (அனுமதி), டேட்டாவேர்ஸ் (தரவு வைக்கும் இடம்), பாதுகாப்பு ரோல் (யார் எதைத் தொடலாம் என்பது), டீம், கியூ (பொது வேலை வரிசை), சொலூஷன் (செய்ததை ஒரு சூழலிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் பொதி) என்று பாடத்திட்டத்தில் தனித்தனியாகக் கிடப்பவை எல்லாம் இந்தக் கேள்விக்குள் ஒன்றாக வந்துவிடும். திரையை நாமே வரைந்து கட்டும் கேன்வஸ் அப்பில் நிறத்தையும் பட்டனையும் மாற்றுவதில் நான் செலவழித்த நேரம் மிகக் குறைவு. அழகியல் விரும்பிகள் என்னைப் பின்பற்ற வேண்டாம்.

எங்கள் ஒபிஸ் லீவு போர்மைத்தான் பயிற்சிக்கு எடுத்தேன். மைக்ரோசொஃப்ட் ஃபோர்ம்ஸில் ஒரு படிவம், பவர் ஓட்டோமேட்டில் ஒரு ஃப்ளோ (படிவம் வந்தவுடன் தானாக ஓடும் படிகளின் வரிசை), முடிவில் அனுமதி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் 'ஸ்டார்ட் அண்ட் வெயிட் ஃபோர் அன் அப்ரூவல்'. அதில் 'அசைன்ட் டு' என்று ஒரு பெட்டி இருக்கிறதல்லவா, அதில் மனேஜரின் மின்னஞ்சலைத் தட்டி எழுதினால் அன்றைக்கு வேலை செய்யும். அவர் வேலை விட்டுப் போன அடுத்த நாள் எல்லா லீவும் அந்தரத்தில் நிற்கும். நம் நாட்டில் 'பதில் கடமை' என்பது தெரியாத காரியாலயம் உண்டா? முகாமையாளர் பிரசவ விடுமுறையில் போனால் பதில் முகாமையாளர் கையொப்பம் வைப்பார். காகிதத்தில் இது இயல்பாக நடக்கிறது. காகிதம் பதவிக்குத்தான் போகிறது, ஆளுக்கு இல்லை. ஃப்ளோவுக்கும் இதையே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

முதல் வழி, ஓபிஸ் 365 யூசர்ஸ் கனெக்டரில் உள்ள 'கெட் மனேஜர்'. படிவம் அனுப்பியவரின் மின்னஞ்சலைக் கொடுத்தால் அவருடைய மேலாளரைத் தரும். நான் இதைச் செய்துவிட்டு எங்கள் ஐரி அண்ணாவிடம் பெருமையாகக் காட்டினேன்.

"சரி தங்கச்சி, டிரெக்டர் லீவு போட்டா யாருக்குப் போகும்?"

"அவருக்கு மேல ஆள் இல்லையே அண்ணா."

"அப்ப அவரிண்ட பேர்ல ஒண்டு போட்டுப் பார்."

போட்டோம். 'கெட் மனேஜர்' சிவப்பானது, அதற்குக் கீழே இருந்ததெல்லாம் சாம்பல் நிறம், அதாவது ஓடாமல் தவிர்க்கப்பட்டவை ('ஸ்கிப்ட்'). மேலாளர் இல்லை என்றால் அந்தச் செயல் வெற்று விடை தருவதில்லை, தோற்றுப்போகிறது. வெற்று விடை வந்தால் அடுத்ததை எடுக்கும் 'கோலெஸ்' போட்டுச் சமாளிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஃப்ளோ அந்த வரிக்கு வந்தால்தானே கோலெஸ்! வழி இதுதான்: முதலிலேயே ஒரு வேரியபிளில் மாற்று ஆளின் முகவரியைப் போட்டு வையுங்கள். 'கெட் மனேஜர்' வென்றால் மட்டும் அதற்குப் பின்வரும் 'செட் வேரியபிள்' அதை மாற்றட்டும். அப்புறம் அப்ரூவலின் 'கொன்ஃபிகர் ரன் ஆஃப்டர்' அமைப்பில் (முந்தைய படி எப்படி முடிந்தால் இது ஓடலாம் என்று சொல்லும் இடம்) 'சக்ஸீடட்', 'ஸ்கிப்ட்' இரண்டையும் டிக் பண்ணுங்கள். மாற்று ஆளின் முகவரியையும் ஃப்ளோவுக்குள் எழுதாமல் என்விரொன்மென்ட் வேரியபிளில் வைத்தால், பரிசோதனைச் சூழலில் ஒருவர், உண்மைச் சூழலில் வேறொருவர் என்று மாற்றலாம். சொலூஷன் பாடத்தை நான் தனியாகப் படிக்கவே இல்லை, இதிலேயே பாதி வந்துவிட்டது.

இன்னொரு பொறி. படிவத்தை 'யாரும் நிரப்பலாம்' என்று திறந்து வைத்தால் அனுப்பியவரின் மின்னஞ்சல் என்ற இடத்தில் 'அனொனிமஸ்' என்ற சொல்தான் வரும். அதைக் கொண்டுபோய் மேலாளரைத் தேடினால் என்ன கிடைக்கும்?

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது: ஒரு அட்டவணை. ஷெயார்பொயின்ட் லிஸ்ட் போதும், டேட்டாவேர்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. பிரிவு, பதவி, ஆள், பதில் ஆள், பதில் கடமை தொடங்கும் திகதி, முடியும் திகதி. ஃப்ளோ 'கெட் ஐட்டம்ஸ்' போட்டு, பிரிவை வைத்து வடிகட்டி, இன்றைய திகதி அந்த இடைவெளிக்குள் இருந்தால் பதில் ஆளை எடுக்கும். ஆள் மாறினால் மனிதவளப் பிரிவில் இருப்பவரே அட்டவணையைத் திருத்திக்கொள்ளலாம், ஃப்ளோவை யாரும் தொட வேண்டியதில்லை. தேர்வில் "அடிக்கடி மாறும்", "நிரலைத் தொடாமல்" என்ற தொனியில் எதைப் பார்த்தாலும் என் கை தானாக இந்தப் பக்கம்தான் போனது.

திகதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பவர் ஓட்டோமேட்டின் நேரம் யூரிசி, அதாவது உலகப் பொது நேரம். நாம் ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறோம். விடியற்காலை 5.30 வரை அதற்கு நேற்றுத்தான். 'கொன்வேர்ட் டைம் ஸோன்' போட்டு, பட்டியலில் 'ஸ்ரீ ஜயவர்தனபுர' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இனி நான் அதிகம் மினக்கெட்ட இடம். அட்டவணையில் ஒரு பிரிவுக்கு மூன்று பேர் அனுமதிக்க வேண்டும் என்று வையுங்கள். 'கெட் ஐட்டம்ஸ்' தந்ததில் மின்னஞ்சலை எடுத்து 'அசைன்ட் டு' பெட்டியில் போட்டவுடன், கேட்காமலே ஒரு 'அப்ளை டு ஈச்' (ஒவ்வொரு வரிக்கும் திரும்பத் திரும்ப ஓடும் லூப்) வந்து அப்ரூவலைச் சுற்றிக்கொள்ளும். விளைவு, மூவருக்கும் மூன்று தனித்தனி அப்ரூவல். அதுவும் அந்த லூப் இயல்பாக ஒன்று முடிந்துதான் அடுத்ததுக்குப் போகும். முதல் ஆள் பதில் சொல்லும்வரை இரண்டாமவருக்கு அப்படியொரு விண்ணப்பம் இருப்பதே தெரியாது. முதல் ஆள் கதிர்காமம் போயிருந்தால் முடிந்தது கதை. இதற்கு 'செலக்ட்' போட்டு மின்னஞ்சல்களை மட்டும் பிரித்தெடுத்து, 'ஜாயின்' போட்டு அரைப்புள்ளியால் இணைத்து, அந்த ஒற்றை வரியை 'அசைன்ட் டு'வில் கொடுங்கள். ஒரே அப்ரூவல், மூன்று பேர். ஆட்கள் ஒரு மைக்ரோசொஃப்ட் 365 குழுவில் இருந்தால் 'லிஸ்ட் குரூப் மெம்பர்ஸ்' போட்டுவிட்டு இதே செலக்ட், ஜாயின்.

இதை ஒருமுறை கையால் செய்யுங்கள். வீடியோ பார்த்தால் தலையாட்டுவோம், மறுநாள் மறந்துவிடும். பழகிப் பார்க்க பவர் அப்ஸ் டிவெலொப்பர் பிளான் இலவசம், டேட்டாவேர்ஸோடு வரும். வேலையிட அல்லது கல்வி நிறுவனக் கணக்கு வேண்டும்.

குழப்பும் சின்ன விஷயங்கள், வரிசை இல்லாமல்:

- 'எவ்ரிவன் மஸ்ட் அப்ரூவ்' என்றாலும் ஒருவர் நிராகரித்த உடனே முடிந்துவிடும், மற்றவர்களுக்காகக் காத்திராது. எல்லோருடைய பதிலும் கட்டாயம் வேண்டுமென்றால் 'கஸ்டம் ரெஸ்பொன்ஸஸ்', அதில் அனைவருக்கும் காத்திருக்கும் வகை.
- ஒரு ஃப்ளோ ஓட்டம் 30 நாளுக்கு மேல் உயிரோடிருக்காது. அதற்குமேல் இழுபடும் அனுமதியை அந்த ஒரே ஓட்டத்துக்குள் வைக்க முடியாது.
- டேட்டாவேர்ஸில் டீம் இரண்டு வகை. ஓனர் டீம் பதிவுக்கு உரிமையாளராகலாம், பாதுகாப்பு ரோலும் தேவை. அக்செஸ் டீம் உரிமையாளராகாது.
- ஆளே தெரியாத வேலையை ஒருவர் தலையில் கட்டுவதை விட கியூவில் போடுவது மேல். எடுத்துச் செய்பவரின் பெயர் 'வேர்க்ட் பை' என்ற புலத்தில் விழும்.

பரீட்சை நாளைப் பற்றி. வீட்டிலிருந்து எழுதலாம்தான். ஆனால் காலி வீதியைப் பார்த்த ஃப்ளாட், கதவைத் தட்டாமல் உள்ளே வரும் அம்மா, இரண்டையும் வைத்துக்கொண்டு கண்காணிப்பாளருக்கு விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நிலையத்துக்கே போனேன். 100 பஸ்ஸை நம்பிப் போகிறவர்கள் காலி வீதி நெரிசலுக்கும் சேர்த்து நேரம் வையுங்கள். பாஸ்போர்ட் கொண்டுபோங்கள். பழைய லமினேட் அடையாள அட்டையில் ஆங்கில எழுத்தில் பெயரே இல்லை. பதிவு செய்த பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தகப்பன் பெயரை ஓரிடத்தில் முன்னாலும் இன்னோரிடத்தில் பின்னாலும் போட்டுவைத்திருக்கும் நம்மவர்கள் இதை முன்கூட்டியே சரிபார்ப்பது நல்லது.

பரீட்சைக்குள் மைக்ரோசொஃப்டின் பாடங்களும் ஆவணங்களும் உள்ள லேர்ன் தளத்தைத் திறந்து பார்க்கலாம். கடிகாரம் நிற்காது. ஏற்கெனவே தெரிந்த ஒன்றின் சொல்லைச் சரிபார்க்க மட்டும் போங்கள், புதிதாகப் படிக்கப் போனால் நேரம் காணாது. கேஸ் ஸ்டடியை (ஒரு நிறுவனத்தின் நிலைமையைச் சொல்லி அதன்மேல் பல கேள்வி கேட்கும் பகுதி) விட்டு வெளியே வந்தால் திரும்ப முடியாது, குறித்து வைத்துவிட்டுப் பிறகு வருவோம் என்பது அங்கே நடக்காது.

சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான். காலாவதிக்கு ஆறு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கும் தேர்வு திறக்கும், இலவசம், வீட்டிலிருந்தே லேர்னில் எழுதலாம். பரீட்சைக்குப் பதியும்போது கொம்பனி மின்னஞ்சலைக் கொடுக்காமல் சொந்தக் கணக்கையே கொடுங்கள். கொம்பனி மாறிய பிறகு அந்த நினைவூட்டல் பழைய முகவரிக்குத்தான் போய்க்கொண்டிருக்கும், உள்ளே போய்ப் பார்க்க உங்களிடம் கணக்கும் இருக்காது.