கண்ணில் ஒன்றுமில்லை

கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன் என்றால் மண்டியில் கணக்கு எழுதுகிறவனுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. அப்படி ஒரு மதியம், எழுதிக்கொண்டிருந்த தொகையில் நடு இலக்கம் மட்டும் தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு மினுக்கம். அது ரம்பப் பல் மாதிரி கோணல்மாணலான கோடாகி, இடப்பக்கமாக விரிந்துகொண்டே போனது. விளிம்பில் வெளிச்சம், கோடு கடந்த இடத்தில் வெறுமை. அரை மணியில் பார்வை தெளிந்தது. அப்புறம் வலப்பக்கப் பொட்டில் தலைவலி, வாந்தி.

"பித்தம்தான், வெயில்ல அலையாதீங்க" என்றார் முதலாளி. கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு விழித்திரை வரை பார்த்துவிட்டு, கண்ணில் ஒன்றுமில்லை என்று நரம்பியல் டாக்டரிடம் அனுப்பினார்.

அவர் கேட்டது: "ஒரு கண்ணுலயா, ரெண்டுலயுமா?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த முறை வந்தால் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கவும், தெரிவதை வரைந்து பக்கத்தில் நேரம் போடவும் சொன்னார். முதல் தடவை என்பதால் எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள். கோளாறு எதுவும் இல்லை.

அடுத்த முறை துண்டுச் சீட்டின் பின்பக்கம் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார்த்தபடி கோட்டின் விளிம்பை வரைந்தேன். எந்தக் கண்ணை மூடினாலும் அதே கோடு, அதே இடப்பக்கம். புள்ளிக்கருகில் மெதுவாக நகர்ந்தது, ஓரத்துக்குப் போகப் போக வேகமெடுத்தது.

டாக்டருக்கு அந்தச் சீட்டே போதுமாக இருந்தது. "ஆராவோட வர்ற மைக்ரேன்" என்றார். மைக்ரேன் என்பது ஒற்றைத் தலைவலி; அதற்கு முன்னால் வரும் இந்த மினுக்கம்தான் ஆரா. இரண்டு கண்ணும் பார்க்கும் இடப்பக்கக் காட்சி, மூளையின் வலது பாதியில் பின்மண்டைப் பகுதிக்குத்தான் போகிறது. அங்கே நரம்பணுக்கள் முதலில் கிளர்ந்து, பிறகு அடங்கிப்போகும் ஓர் அலை நிமிடத்துக்குச் சுமார் 3 மி.மீ. ஊர்கிறது. நேர்ப்பார்வைக்கு மூளை ஒதுக்கியிருக்கும் இடம் பெரிது. அதனால்தான் நடுவில் நகர அத்தனை நேரம். 1941-ல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி தனக்கு வந்ததை வரைந்துதான் இந்த வேகத்தைக் கணக்கிட்டார். 1944-ல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் லியாவோ முயல் மூளையில் இப்படியோர் அலையைப் பதிவுசெய்தார். துண்டுச் சீட்டுக்கு வந்த மரியாதையைப் பாருங்கள்!

ஒரு கண் மட்டும் சட்டென்று இருண்டாலோ, கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். மினுக்கம் ஆரம்பித்தால் இப்போது பைக்கை எடுப்பதில்லை, பேனா பக்கத்துத் தம்பி கைக்குப் போய்விடும். வலி மாத்திரையையும் அளவோடுதான் போடுகிறேன். அடிக்கடி போட்டால் அதுவே தலைவலியைக் கொண்டுவருமாம்.