திரை எழாமல் எழும் கணினி

மார்ச் 8, சனி

சிங்கப்பூர் செங்காங் வீட்டு பாம் ஷெல்டரில் (குண்டுவீச்சிலிருந்து தப்பக் கட்டிய சிறு அறை), அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய மடிக்கணினி எந்நேரமும் ஓடுகிறது. இயங்குதளம் டெபியன் 12 என்ற லினக்ஸ், நினைவகம் 2 ஜிபிதான். சுவரைத் துளைத்து வயர் இழுக்க அனுமதியில்லை, அதனால் இரும்புக் கதவின் இடுக்கு வழியாகத் தட்டையான லேன் கேபிள் போகிறது. குடும்பப் படங்கள், அப்பா பாடிப் பதிந்த தேவாரம் எல்லாம் இதில்தான்.

அம்மா போனில் தேடினால் பல நேரம் எதுவும் வருவதில்லை. காரணம் இன்று பிடிபட்டது. கரண்ட் போய் வந்தால் கணினி எழுந்து நோம் என்ற டெஸ்க்டாப்பின் உள்நுழைவுத் திரையில் வந்து நிற்கிறது. 20 நிமிடம் யாரும் தொடாவிட்டால் அந்தத் திரையே கணினியைத் தூங்க வைத்துவிடுகிறது. யாருமே பார்க்காத ஒரு திரை, இருக்கிற கொஞ்ச நினைவகத்தையும் பிடித்துக்கொண்டு.

மார்ச் 9

“டெஸ்க்டாப்பையே அழிச்சிடுங்கண்ணே” என்றான் ஈசூனில் இருக்கும் சித்தி மகன். எனக்கு மனம் வரவில்லை. தானாக எழாமல் இருந்தால் போதும், வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஒரே ஒரு பூட்டுக்கு மட்டும் சோதித்தேன். கணினி எழும்போது முதலில் வரும் கிரப் மெனுவில் ‘இ’ அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 3 (எழுத்துத் திரை நிலையின் எண்) சேர்த்து, எஃப்10. எழுத்துத் திரை வந்தது, கோப்புகளும் போனில் திறந்தன. அதன்பிறகுதான் நிரந்தரமாக மாற்றினேன்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபால்ட் மல்டி-யூசர்.டார்கெட்

மல்டி-யூசர் என்றால் எழுத்துத் திரை மட்டும், கிராஃபிகல் என்றால் டெஸ்க்டாப்பும் சேர்த்து. இது எதையும் நீக்குவதில்லை. இடிசி அடைவுக்குள் ‘டிஃபால்ட்.டார்கெட்’ என்ற ஓர் இணைப்பை வைக்கிறது. அது கிராஃபிகல்.டார்கெட்டைக் காட்டாமல் மல்டி-யூசர்.டார்கெட்டைக் காட்டும், அவ்வளவுதான். ‘கெட்-டிஃபால்ட்’ கொடுத்தால் இப்போது எது என்று சொல்லிவிடும்.

இனிட்டேப் கோப்பில் 5-ஐ (டெஸ்க்டாப் நிலை) 3 ஆக்கச் சொல்லும் பழைய குறிப்புகளை நம்பி இறங்க வேண்டாம். அது ரெட் ஹேட் லினக்ஸ் குடும்பத்துப் பழக்கம். அந்தக் காலத்து டெபியனில் 2 முதல் 5 வரை எல்லாம் ஒன்றுதான். கணினி எழும்போது சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி வந்தபிறகு அந்தக் கோப்பை யாரும் படிப்பதில்லை.

மார்ச் 11

தம்பியும் தன் கணினியில் இதையே செய்தான், வைஃபை வரவில்லை. கடவுச்சொல் அவனுடைய டெஸ்க்டாப் சாவிக்கொத்தில் இருந்திருக்கிறது. அவன் டெஸ்க்டாப்பில் நுழைந்தால்தான் அது திறக்கும். என்எம்டியூஐ என்ற நெட்வொர்க் அமைப்பு நிரலில் ‘எல்லாப் பயனர்களுக்கும்’ என்ற கட்டத்தை டிக் செய்து, கடவுச்சொல்லை மறுபடி கொடுத்ததும் சரியானது. வைஃபையில் ஓடும் கணினி என்றால் இதைச் செய்துவிட்டு அப்புறம் மாற்றுவதே நல்லது.

மார்ச் 15, சனி

அக்காவுக்குக் கல்யாணப் படங்களைப் பிரித்தெடுக்க டெஸ்க்டாப் தேவைப்பட்டது. ‘சிஸ்டம்சிடிஎல் ஐசொலேட் கிராஃபிகல்.டார்கெட்’ கொடுத்ததும் நோம் வந்தது. அவள் முடித்ததும் மல்டி-யூசருக்கே திரும்பினேன்.

மூடியைச் சாத்தினால் தூங்குவது தனி விஷயம், அது சிஸ்டம்டியின் பகுதியான லாகின்டி-யின் வேலை. லாகின்டி.கான்ஃப் கோப்பில் ‘ஹேண்டில்லிட்ஸ்விட்ச்’ மதிப்பை ‘இக்னோர்’ ஆக்கி மறுபடி பூட் செய்தேன். இனி மூடியைச் சாத்தி மேல்தட்டில் வைத்துவிடலாம்.