ஆடி மாதத்துப் பாகு: நாட்குறிப்பு

ஜூலை 9, 2025

மாப்பிள்ளை எழுதி அனுப்பிய கேக் குறிப்பில் மைதா 200 கிராம், வெண்ணெய் 200 கிராம், சீனி 200 கிராம், முட்டை நான்கு, பால் 100 மி.லி. என்று இருக்கிறது. சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டிப் பாகு ஊற்றிச் செய்து தரும்படி, கர்ப்பமாக இருக்கும் மகள் கேட்கிறாள். சீனி இருந்த இடத்தில் பாகு வரும்போது இனிப்போடு தண்ணீரும், ஓரளவு புளிப்பும், அடர்ந்த நிறமும் சேர்ந்தே வருகின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் குறிப்பில் எங்காவது ஈடு கட்டியாக வேண்டும். இன்று அந்தக் கணக்கில் மனம் செல்லவில்லை. காலையில் மகளுக்கு வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 98 காட்டியது.

ஜூலை 10

வெறும் வயிற்றில் 93. மருத்துவர் சொன்ன எல்லை 95.

ஜூலை 11

வெண்ணெயையும் சீனியையும் சேர்த்து அடிக்கும்போது சீனிப் பரல்கள் வெண்ணெய்க்குள் காற்றைப் புகுத்துகின்றன. அடுப்பின் சூட்டில் அந்தச் சிறு குமிழிகள் பருத்து கேக்கை உயர்த்துகின்றன. பாகில் பரல் இல்லை; எனவே வெண்ணெயோடு பாகை எவ்வளவு நேரம் அடித்தாலும் அந்தக் காற்று உள்ளே போகாது. அதனால் முறையையே மாற்றினேன்: முட்டைகளை வெளுத்து நுரைத்து வரும்வரை தனியாக அடித்து, ஆறிய பாகை மெல்லிய தாரையாக அதில் ஊற்றி, உருக்கி ஆறவைத்த வெண்ணெயைச் சேர்த்து, சலித்த மாவைக் கடைசியில் மடித்துக் கலந்தேன். கேக் உயர்ந்தது. நடுவில் மட்டும் களியைப் போல ஈரம் நின்றது. அந்த ஈரம் பாகிலிருந்து வந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை, ஏனென்றால் பாலை நான் குறிப்பில் உள்ளபடியே ஊற்றியிருந்தேன்.

பாகில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது, தராசால் சொல்ல முடியும். வெறும் பாத்திரத்தை முதலில் நிறுத்துக்கொள்ள வேண்டும். 250 கிராம் கருப்பட்டியை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து, கல்லும் மண்ணும் போக வடிகட்டி, மறுபடியும் கொதிக்கவிட்டு, பாத்திரத்தின் எடை நீங்கலாக 300 கிராம் வந்ததும் இறக்கினால், நாம் ஊற்றிய தண்ணீரில் ஏறத்தாழ 50 கிராம் அதில் நிற்கிறது என்று பொருள். அந்த 50-ஐப் பாலில் குறைத்துவிட வேண்டும். கருப்பட்டியிலேயே கொஞ்சம் ஈரம் உண்டு. மழைக்காலத்தில் அது இன்னும் கூடும். இப்போது வெயில் காய்வதால் அதை விட்டுவிடலாம்.

ஜூலை 12

மாமியார் கொல்லிமலைத் தேன் ஒரு குப்பி வாங்கிச் சாமி அறையில் வைத்திருக்கிறார்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் தேனைத் தொட்டுச் சேனை வைப்பதற்காம். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஜூலை 13

தேனில் ஒரு வகை நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை ஒன்றும் செய்வதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலிலோ அவை முளைத்து நஞ்சைச் சுரந்து, தசைகளைத் தளரச் செய்து, மூச்சையே அடக்கிவிடக் கூடும். வீட்டு அடுப்பில் கொதிக்க வைப்பதால் அந்த வித்துகள் சாவதில்லை. ஆகவே ஒரு சொட்டுத் தேனும் ஓராண்டுக்குக் கூடாது; முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவுமே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இதை மாமியாரிடம் சொன்னேன். "சேனை வைக்காத பிள்ளை நம் வளவில் உண்டா, ஆத்தா?" என்று கேட்டார்கள். இல்லைதான்.

ஜூலை 14

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. மாலை வரை மின்சாரம் இல்லாததால் அடுப்பைத் தொடவில்லை.

ஜூலை 17

ஆடி முதல் நாள். கும்மாயம் கிண்டினோம். உளுந்து, பச்சரிசி, பாசிப்பருப்பு மூன்றையும் தனித்தனியாக வாசம் வரும்வரை வறுத்துத் திரித்த மாவு, கருப்பட்டியும் வெல்லமும் கரைத்து வடிகட்டிய நீர், நெய். கட்டி விழாமல் கரைத்து, அடிபிடிக்காமல் கிளறி, ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் மாமியார் இறக்கச் சொன்னார்கள். தராசும் இல்லை, வெப்பமானியும் இல்லை. எங்கள் அடுப்படியில் இனிப்பு என்பது பெரும்பாலும் கரைந்த நிலையில்தான் புழங்கி வந்திருக்கிறது: மனகோலத்துக்குப் பாகு, அதிரசத்துக்குப் பாகு, ரங்கூன் புட்டுக்கும் பாகு. கந்தரப்பத்துக்கு ஆட்டும்போது வெல்லம் சேர்ந்தவுடன் மாவு இளகிவிடும் என்பது தெரிந்து, அதற்கு முன்பே மாவைக் கெட்டியாக ஆட்டிக்கொள்கிறோம். நான் பாலில் 50 மி.லி. குறைப்பதும் அதே அறிவுதான். கேக் குறிப்பைப் பார்த்து மருள்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதைத்தான்: தண்ணீரைக் கணக்கில் எடுக்க நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத் தர வேண்டியதில்லை.

மகளுக்குச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு கரண்டி மட்டும் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து 126. எல்லை 120. மாலையில் முற்றத்தைச் சுற்றி நடக்கச் சொன்னேன். முகம் சுளிக்காமல் நடந்தாள்.

ஜூலை 19

கோலாலம்பூரிலிருந்து நாத்தனார் வந்திருக்கிறார்கள். பெட்டியில் குலா மலாக்காவும், சிங்கம் படம் போட்ட கோல்டன் சிரப் டப்பாவும் இருந்தன. குலா மலாக்கா தென்னம்பாளையின் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்குவது. கரைத்தால் நம் கருப்பட்டிப் பாகைப் போலவே நடந்துகொள்ளும், எனவே நிறுத்துப் பார்க்கும் முறையே அதற்கும் போதும். கோல்டன் சிரப் வேறு இனம். லண்டனில் ஆப்ரம் லைலின் ஆலையில் 1880களில், சீனியைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சும் பாகைப் பக்குவப்படுத்தி விற்கத் தொடங்கியது அது. அதிலுள்ள சீனியின் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிந்திருப்பதால் எத்தனை மாதம் வைத்தாலும் எளிதில் பூத்துக் கட்டியாவதில்லை. மலாயாவிலிருந்து ஐயா காலத்தில் இந்த டப்பாக்கள் வந்துகொண்டிருந்தன என்றும், காலி டப்பாக்களில் மிளகும் சீரகமும் வைத்திருந்தார்கள் என்றும் நாத்தனார் சொன்னார்கள்.

அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? டப்பா தீர்ந்தால் இங்கே அது எளிதில் கிடைப்பதில்லை. வீட்டிலேயே அதற்கு ஈடாக ஒன்று செய்ய முடியும் என்று நினைக்கிறேன்.

ஜூலை 20

தேன் குப்பி சாமி அறையிலேயே இருக்கிறது.

ஜூலை 22

"சீனிதானே ஆகாது, தேன் ஊற்றிக் கொடு" என்று இன்று வந்தவர்களில் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு மேசைக்கரண்டி சீனியின் எடை ஏறத்தாழ 12.5 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேன் 21 கிராம், அதில் 17 கிராம் சர்க்கரைதான். கரண்டிக்குக் கரண்டி மாற்றினால் தேனில் சர்க்கரை கூடுதலாகப் போகிறது. குறைத்து ஊற்றுகிறோமே என்றால் அதற்கும் கணக்கு இருக்கிறது: ஒரு கப் சீனிக்கு முக்கால் கப் தேன் என்பது வழக்கமான மாற்று. முக்கால் கப் தேன் 255 கிராம்; அதில் சர்க்கரை ஏறத்தாழ 209 கிராம். ஒரு கப் சீனியோ 200 கிராம். ஆக, தேன் கேக்கில் சர்க்கரை குறைந்துவிட்டது என்று சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை. கருப்பட்டிக்கும், பேரீச்சம்பழ சிரப்புக்கும், கனடாவிலிருந்து பெரிய கொழுந்தன் மகன் அனுப்பும் மேப்பிள் சிரப்புக்கும் இதே நியாயம்தான். மணம் வேறு, நிறம் வேறு, உடம்புக்குள் போன பிறகு எல்லாம் சர்க்கரையாகவே எண்ணப்படும்.

எனவே மகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்: சுவைக்காகவும் மணத்துக்காகவும் பாகு ஊற்றுகிறேன், அது மருந்தாகாது, துண்டு சிறியதாக இருக்கும், அன்றைய சோற்றில் ஒரு கரண்டி குறையும். அவள் சரி என்றாள். சோற்றைக் குறைப்பது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை, கேக் இல்லாமல் இருப்பதுதான் பெரிதாகத் தெரிகிறது. வயிற்றில் இருப்பது யாரைக் கொண்டு பிறக்கப் போகிறதோ.

ஜூலை 25

ஆடி வெள்ளி. கோயிலுக்குப் போய் வந்த பிறகு பாகு காய்ச்சினேன். 200 கிராம் சீனி, 100 மி.லி. தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. சிறு தீயில், கிளறாமல், தேன் நிறம் வரும்வரை. கல்யாணச் சமையலில் ஜீராவுக்கு எலுமிச்சைச் சாறு பிழிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாகு பூக்காமல் இருக்க என்பார்கள். நடப்பது இதுதான்: புளிப்பும் சூடும் சேர்ந்து சீனியின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைக்கின்றன, அவை இடையில் புகுந்துகொள்வதால் மிச்சமுள்ள சீனி ஒன்றோடொன்று சேர்ந்து பரலாக முடிவதில்லை. பாத்திரத்தின் ஓரத்தில் தெறித்து ஒட்டிய பரல்களை ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். ஒரு பரல் உள்ளே விழுந்தாலும் முழுப் பாகும் அதைப் பற்றிக்கொண்டு பூத்துவிடும்.

ஆறிய பிறகு கரண்டியிலிருந்து தடித்த நூலாக இறங்கியது. நாத்தனார் கொண்டுவந்த டப்பாவின் கரும்பு மணம் இதில் இல்லை. ஒரு சிறு துண்டு வெல்லத்தைச் சேர்த்துக் காய்ச்சினால் அதுவும் வந்துவிடும் என்று தோன்றுகிறது.

வெறும் வயிற்றில் 91. குழந்தை நன்றாக அசைகிறது.

ஜூலை 27

இரவெல்லாம் தூக்கமில்லை, அவளுக்கும் எனக்கும்.

ஜூலை 30

நெய் பிஸ்கட்டுக்குப் பாகு ஒத்துவராது. பிஸ்கட் ஆறும்போது அதிலுள்ள சீனி மறுபடியும் இறுகுவதால்தான் அது மொறுமொறுப்பாகிறது. தேனோ பாகோ ஊற்றினால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து மறுநாளே மெத்தென்று ஆகிவிடும். கேக்கில் நாம் விரும்பும் அதே குணம் இங்கே கெடுதலாகிறது. ஆகவே பிஸ்கட்டில் பொடித்த சீனியை அப்படியே விட்டுவிடுவது நல்லது. எதற்கும் எதையும் மாற்றிவிடலாம் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

ஆகஸ்ட் 1

அடுப்பின் சூட்டைப் பற்றி எழுத மறந்துபோகக் கூடாது. தேனிலும் எலுமிச்சை சேர்த்த பாகிலும் உள்ள குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சீனியைவிடச் சீக்கிரம் நிறம் ஏறும். குறிப்பில் 180 என்று இருந்தால் 165-ல் வைத்துக் கொஞ்சம் கூடுதல் நேரம் விட வேண்டும். மேலே கறுக்கத் தொடங்கினால் தாளால் மூடிவிடலாம். மேப்பிள் சிரப்பில் உள்ளது பெரும்பாலும் சாதாரணச் சீனியே, அதனால் அது அவ்வளவு விரைவில் கறுக்காது. ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். நாற்பது லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்சி ஒரு லிட்டர் எடுக்கிறார்களாம். அதைப் படித்தபோது சாயல்குடிப் பக்கம் கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கிக் காய்ச்சுகிறவர்களை நினைத்துக்கொண்டேன். எந்த ஊரானாலும் விறகின் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் உழைப்புக்குத்தான் நாம் விலை கொடுக்கிறோம். சீனி கலந்த கருப்பட்டியை மலிவாகத் தருகிறார்கள் என்று வாங்குவதை நான் நிறுத்திவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பின் 117, ஒரு சிறு துண்டு கருப்பட்டிக் கேக்கும் சேர்த்து. நடுவில் ஈரம் இல்லை.

ஆகஸ்ட் 3

பதினெட்டாம் பெருக்கு. பாயசத்துக்குப் பாலை அடுப்பில் கொதிக்கவிட்டபடியே வெல்லப் பாகை ஊற்றப் போன அண்ணமிண்டியின் (அண்ணன் மனைவியின்) கையை மாமியார் பிடித்துக்கொண்டார்கள். வெல்லத்தின் புளிப்பும் உப்புகளும் கொதிக்கும் பாலைத் திரித்துவிடும். இறக்கி ஆறவிட்டு, பாகையும் ஆறவிட்டுச் சேர்த்தால் திரியாது. எழுபது வயதுக்கு மேலும் எவ்வளவு கூர்மையான கண். அந்தக் கண்ணுக்கு முன்னால் தேனைப் பற்றி மறுபடியும் எப்படிப் பேசுவது?

ஆகஸ்ட் 4

பேசினேன். மருத்துவரே சொன்னார் என்றும் சொன்னேன். பதில் இல்லை.

ஆகஸ்ட் 6

நாளை தேவகோட்டையிலிருந்து பெரிய ஆச்சி வருகிறார்கள். வளவில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு அவர்கள்தான் சேனை வைத்தவர்கள். பிரசவம் இந்த வாரத்திலேயே இருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

மாலையில் மாமியாரிடம் நேரே போய், அந்தத் தேனில் வருகிறவர்களுக்கெல்லாம் கேக் செய்யட்டுமா என்று கேட்டேன். நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, "பிள்ளை நாக்கில் தாய்ப்பால் பட்டால் போதும் என்கிறாய், அப்படித்தானே?" என்றார்கள். அப்படித்தான் என்றேன். குப்பியை அவர்களே எடுத்து வந்து தராசின் பக்கத்தில் வைத்தார்கள்.

255 கிராம் நிறுத்தாயிற்று. தேனில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் இருப்பதால் பாலில் 45 மி.லி. குறைக்க வேண்டும். தேனின் புளிப்புக்குக் கால் தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவாகச் சமையல் சோடா. அதற்கு மேல் போனால் சவுக்காரம்போலக் கசக்கும். அடுப்பு 165.