ஒரே ஏரி, ஐந்து வானம்

முதல் நாள் காலை ஜன்னல் திரையை விலக்கினேன். எதிரே மலை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. சாம்பல் நிறம், அதற்குள் மழை. ஜனவரி கடைசி வாரம், இங்கிலாந்தின் வடமேற்கே லேக் டிஸ்ட்ரிக்ட், கெசிக் என்ற சிற்றூர். ஊரை ஒட்டியே டெர்வென்ட்வாட்டர் ஏரி. சுற்றி வந்தால் சுமார் 16 கி.மீ. நல்ல வானத்துக்காகக் காத்திருப்பதில்லை, ஐந்து நாளும் இந்த ஏரியைச் சுற்றித்தான் நடை என்று வரும்போதே முடிவு செய்திருந்தோம்.

காற்றின் திசை தெரிந்தால் அங்கே பாதி வானிலை தெரிந்துவிடும். நாலு திசைக் காற்றுக்கும் தமிழில் பெயர் உண்டு: வாடை, தென்றல், கோடை, கொண்டல். நமக்குக் கிழக்கிலிருந்து வரும் கொண்டல் மழை தரும். மேற்கிலிருந்து வரும் கோடை நிலத்தைக் காய்ச்சும். இங்கே இரண்டும் வேலையை மாற்றிக்கொண்டுவிட்டன. மேற்கே அட்லாண்டிக் கடல் கிடப்பதால் மேல்காற்று ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் ஏறுகிறது, ஏற ஏறக் குளிர்ந்து கொட்டித் தீர்க்கிறது. தெற்கே மலைகளுக்கு நடுவில் உள்ள சீத்வெயிட்டில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மி.மீ. மழை. அங்கிருந்து ஏறக்குறைய 13 கி.மீ. தள்ளி இருக்கும் கெசிக்கில் அதில் பாதிகூட இல்லை. சீத்வெயிட்டுக்குப் பக்கத்திலுள்ள ஹானிஸ்டர் கணவாயில் 2015 டிசம்பர் 5 அன்று முடிந்த 24 மணி நேரத்தில் 341.4 மி.மீ. பதிவாகியிருக்கிறது.

முதல் நாள் மழையிலேயே கிழக்குக் கரை வழியாக லோடோர் அருவிக்குப் போனோம். மழையில்லாத நாளில் போனால் பாறைகளுக்கு இடையே நூலாக வழியும், பார்த்தவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். அன்று மரங்களுக்குப் பின்னாலிருந்து இரைச்சல்தான் முதலில் வந்தது. பிறகு வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர், பாறைக்குப் பாறை மோதிக்கொண்டு. அந்த அருவிக்கு மழைநாள்தான் திருநாள். நனைந்த கையுறையைக் கழற்றி, பையிலிருந்த உலர்ந்த ஜோடியை மாட்டிக்கொண்ட சுகத்தை இன்னும் மறக்கவில்லை. அந்தக் குளிரில் பருத்தித் துணி மட்டும் கூடாது. நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி, வெளியே மழை புகாத சட்டை, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் பாதியிலேயே திரும்பினோம். ஏரியின் தென்கோடியில் சதுப்பின் மேல் போட்டிருக்கும் மரப்பலகைப் பாதை தண்ணீருக்கடியில் போயிருந்தது. எல்லா வானிலையிலும் நடப்பவர்களுக்குத் திரும்பத் தெரிந்திருக்க வேண்டும். அதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை.

மூன்றாம் நாள் கிளம்பும்போது மனைவி கேட்டாள்: "இன்னிக்கும் அதே ஏரிக்கா?"

"நேத்துப் பார்த்த ஏரியா இது? வெளியே பாரு."

காற்று வடமேற்குக்கு மாறியிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் வெயில், ஆலங்கட்டி, வெயில், பனித்தூறல், மறுபடி வெயில். ஒவ்வொரு மேகமும் தண்ணீரின் மேல் நடந்து வருவதைத் தூரத்திலேயே பார்க்கலாம். அது வருவதற்குள் தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்வோம், போனதும் வானவில்.

நான்காம் நாள் அசல் வாடை. பலகைப் பாதை வெளியே வந்திருந்தது, அதன்மேல் உறைபனி பூத்திருந்தது. பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பற்களை மாட்டிக்கொண்டு ஏரியை முழுதாகச் சுற்றினோம். வடக்கே 931 மீட்டர் ஸ்கிடா மலை உச்சி வெண்மையாக, கை நீட்டினால் தொடலாம் போல. நாலரை மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது. தலையில் மாட்டும் டார்ச் கடைசி ஒரு மைலுக்கு உதவியது.

கடைசி நாள் காற்றே இல்லை. இரவெல்லாம் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தங்கி, மூடுபனியாகத் திரண்டிருந்தது. ஊரே மங்கல். மேற்குக் கரையிலுள்ள 451 மீட்டர் கேட்பெல்ஸ் குன்றில் ஏறினோம். பாதி தூரம் வரை முன்னே போகிறவள் முதுகு மட்டும் தெரிந்தது. திடீரென்று வெளிச்சம் நீலமானது. பத்தடி ஏறியதும் தலை பனிக்கு வெளியே வந்துவிட்டது! கீழே ஏரியைக் காணோம். அதன் இடத்தில் வெண்மேகம், சுற்றிலும் மலையுச்சிகள் தீவுகளாக.

மேடு முழுக்க வெயில். மேற்குப் பக்கத்துப் பனியின் மேல் எங்கள் நிழல்கள் நீளமாக விழுந்திருந்தன. என் நிழலின் தலையைச் சுற்றி வண்ண வளையம்.

"என் தலையச் சுத்தி வானவில் தெரியுது பாருங்க" என்றாள்.

"உன் தலையிலயா? என் தலையிலதானே இருக்கு!"

பனித்துளிகள் ஒளியைச் சூரியன் இருக்கும் பக்கமாகவே திருப்பி அனுப்புவதால் அவரவர் தலையைச் சுற்றி மட்டுமே அவரவருக்கு அந்த வளையம் தெரியும். நான் கையை ஆட்டினேன். அவள் பார்த்தது கையாட்டும் வெறும் நிழலை. அவள் ஆட்டினாள், எனக்கும் அப்படியே. பனி கலையும்வரை அங்கேயே நின்றோம்.